முடிவு பார்க்காத விண்வெளிக் கதை

1

துவைத்த துணிகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு கூடத்தைக் கடக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. இரண்டு நீளமான ஊளை, பின்னாலேயே ஒரு மணி. கூடை கையிலிருக்க அப்படியே நின்றுவிட்டேன்.

என் மகள் ஆதிரை சோஃபாவில் குப்புறப் படுத்து ஏதோ பழைய தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. பிறந்தது, படிப்பது, கோபித்துக்கொள்வது எல்லாமே ஜெர்மன் மொழியில்தான். தமிழ் என்னிடம் காசு கேட்பதற்கும் பாட்டியிடம் ஃபோனில் பேசுவதற்கும் மட்டும். அவர்கள் பிறப்பதற்கு முன்பு வந்த ஒரு நிகழ்ச்சியைப் பார்த்து இரண்டு பக்கம் எழுதிவரும்படி பள்ளியில் சொல்லியிருந்தார்களாம். அவள் தேடிப் பிடித்தது ஒரு பழைய விண்வெளித் தொடரின் ஒரு பகுதி.

"சுவரெல்லாம் அட்டைம்மா. ஆள் சாஞ்சா ஆடுது," என்றாள்.

நான் சுவரைப் பார்க்கவில்லை. பச்சை உடுப்பு, கட்டை முடி, காதில் பெரிய ஹெட்ஃபோன் என்று ஒரு பெண் திரையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளை எனக்குத் தெரியும். சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தமிழில் குரல் மாற்றிப் போட்டபோது, இவளைப் பாதிவரை பார்த்திருக்கிறேன். அந்தப் பாதியோடு என் பெயரும் கெட்டது.

"நிறுத்து," என்றேன்.

"ஏன்? இன்னும் கொஞ்சம்தான் இருக்கு."

"நிறுத்துடி."

அவள் நிறுத்தினாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல. நான் எதையாவது மறைக்கிறேன் என்று அவளுக்கு எப்போதும் ஒரு சந்தேகம். அது என்னிடமிருந்து அவளுக்கு வந்த சொத்து.

2

இருங்காட்டுக்கோட்டையில் நான் இருந்தது தனத்தின் வீட்டு மாடியறையில். கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டுகட்டாகச் சேர்த்து டேப் சுற்றி அனுப்பும் தொழிற்சாலையில் வேலை. தனமும் அங்கேதான் வேலை பார்த்தாள். அவள் உள்ளூர்க்காரி. நிலத்தைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்துவிட்டு, வந்த பணத்தில் மாடி எடுத்து வாடகைக்கு விட்ட குடும்பம். என்னோடு அறையில் இருந்தவள் இசக்கி, நாங்குநேரிப் பக்கம். நான் சங்கரன்கோவில். எங்கள் இரண்டு பேருக்கும் தனத்தின் பேச்சு பாதி புரியாது, அவளுக்கு எங்கள் பேச்சு முழுசாகவே சிரிப்பு.

அப்போது ஒரு பிரச்சினை கிளம்பியிருந்தது. தெருமுனைவரை வந்துகொண்டிருந்த கம்பெனி பஸ்ஸை நெடுஞ்சாலை சர்வீஸ் ரோட்டோடு நிறுத்திவிட்டார்கள். இருட்டோடு கிளம்புகிற முதல் ஷிஃப்ட்டுக்கு ஏரிக்கரை வழியாக நடந்துதான் போக வேண்டும். வழியில் நிற்கும் லாரிகளிலிருந்து விசில் வரும், கை வரும். ஒருமுறை இசக்கியின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார்கள். சூப்பர்வைசரிடம் சொன்னோம். "பாக்கலாம்மா" என்றார். மறுபடி சொன்னோம். மறுபடி பாக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தனத்தின் வீட்டுக் கூடத்தில் கூடினோம். திங்கட்கிழமை யாரும் பஸ் ஏறக்கூடாது, மேனேஜர் நேரில் வந்து பேசும்வரை சர்வீஸ் ரோட்டிலேயே நிற்பது என்று முடிவாயிற்று. பேச்சு முடிந்ததும் தனம் டிவியைப் போட்டாள். அவள் அப்பா பக்கத்து அறைக் கட்டிலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவர்தான், "வெளிநாட்டுப் படம் ஓடுது பாரு, அத்த வையி," என்று குரல் கொடுத்தார்.

கதை இதுதான். எங்கோ தூரத்துக் கிரகத்தில் சுரங்கம் தோண்டும் நிலையம். அங்கே ஆறு பேர். அவர்களுக்குக் காற்றும் சாப்பாடும் கொண்டுவரும் கப்பல்களை யாரோ உள்ளிருந்தே பொய்ச் செய்தி அனுப்பித் திருப்பிவிடுகிறார்கள். காற்று குறைந்துகொண்டே வருகிறது. அபாயச் சங்கு இரண்டு முறை ஊளையிட்டு மணி அடிக்கிறது. சந்தேகம் ரேடியோ வேலை பார்க்கும் அந்தப் பச்சை உடுப்புக்காரியின் மேல் விழுகிறது. அவள் யாரோடும் பேச மாட்டாள், தனியாக உட்கார்ந்திருப்பாள், அதுதான் அவள் குற்றம். தலைவன் ஒரு கருவி வைத்திருக்கிறான். உண்மை சொன்னால் வெள்ளை விளக்கு, பொய் சொன்னால் சிவப்பு விளக்கு. அவளை அதன் முன்னால் உட்கார வைக்கிறார்கள். "செய்தி அனுப்பியது நீதானே?" என்று தலைவன் கேட்கிறான். அவள் வாயைத் திறக்கிறாள்.

கரண்ட் போய்விட்டது.

"அவதாம்ளா. மூஞ்சியே சொல்லுதே," என்றாள் இசக்கி.

"அந்த டாக்டர் கெழவன்பா. நல்லவன் மாரியே கீறான் பாரு," என்றாள் தனம். நான் தலைவனேதான் என்றேன். சிரித்துக்கொண்டே கலைந்தோம்.

மறுநாள் ஏரிக்கரையைத் தாண்டி சர்வீஸ் ரோட்டில் போய் நின்றோம். பஸ் வரவே இல்லை. வந்தால்தானே ஏறாமல் இருக்க முடியும்! நாங்கள் நின்றுகொண்டிருந்த நேரத்தில் வேறு ஊரிலிருந்து ஏற்றிவந்த பெண்கள் எங்கள் இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வெயில் ஏறிய பிறகு ஷேர் ஆட்டோ பிடித்துக் கம்பெனி கேட்டுக்குப் போனால், எங்கள் தெருக்காரர்களை மட்டும் பெயர் சொல்லி ஓரமாக நிற்க வைத்தார்கள். பேசியது இன்னின்னார், முதலில் சொன்னது இசக்கி என்பதுவரை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நிரந்தர வேலைக்காரர்களைத் திட்டி உள்ளே விட்டார்கள். இசக்கி கான்ட்ராக்டில் இருந்தவள். அந்த வாரமே அவளை நிறுத்திவிட்டார்கள்.

யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார்?

கூடிப் பேசியதற்கு முதல் நாள், சனிக்கிழமை, என்னை எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஜெர்மனியில் இருக்கும் தாய்க் கம்பெனிக்குப் பயிற்சிக்கு ஒரு பெண்ணை அனுப்பப் போகிறார்கள், என் பெயர் இருக்கிறது, உறுதியாகும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்றார்கள். பெயர் இருக்கிறது என்றால் போகப் போகிறோம் என்று அர்த்தமில்லை. நானும் மூச்சு விடவில்லை.

நாங்கள் கூடப்போவது தெரிந்து முதல் நாளே என்னை உளவுக்குப் பிடித்துவிட்டார்கள் என்பது தனத்தின் கணக்கு. படிக்கட்டில் வழியை மறித்துக்கொண்டு நின்று கேட்டாள். "சனிக்கெழம எச்.ஆர் ரூம்ல உனுக்கு இன்னா வேல?"

எனக்குப் பொய் வராது. "சொல்லக்கூடாதுன்னு சொல்லிருக்காங்க தனம்," என்றேன்.

உலகத்திலேயே மோசமான பதில் அதுதான் என்று சொல்லி முடித்த பிறகே எனக்குத் தெரிந்தது. பொய் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன்.

அன்றிலிருந்து எனக்கு 'ரேடியோ' என்று பெயர். கேன்டீனில் தட்டோடு போய் உட்கார்ந்தால், "ரேடியோ ஆன்ல கீது, மெதுவா பேசு," என்பார்கள். இசக்கி ஊருக்குக் கிளம்பும்வரை அதே அறையில் சுவரைப் பார்த்துப் படுத்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது நான் ஒரு கை பிடிக்கப் போனேன். "விடு. நானே கொண்டு போயிருவேன்," என்றாள். எந்தக் கெட்ட வார்த்தையும் இல்லை. அதுதான் வலித்தது.

சில மாதங்களில் நான் ஜெர்மனிக்குக் கிளம்பினேன். எல்லோருக்கும் அது கணக்குச் சரியாகப் போன மாதிரி இருந்திருக்கும். காட்டிக்கொடுத்தவளுக்குக் கிடைத்த கூலி என்று. டாக்சி வந்து நின்றபோது தனம் வீட்டுக்குள் இருந்தாள், வெளியே வரவில்லை. அவள் அப்பாதான் வாசலுக்கு வந்து, "பத்ரமா போய்ட்டு வாம்மா," என்று பெட்டியை ஏற்றிவிட்டார்.

3

பயிற்சிக்கு வந்தேன். பயிற்சி வேலையாயிற்று. பிறகு கல்யாணம், குழந்தை. பதினான்கு வருடம் ஓடிவிட்டது.

இந்த ஊரில் எல்லாக் காகிதத்துக்கும் ஒரு காகிதம் வேண்டும். வெளிநாட்டினர் அலுவலகத்தில் முதல் முறை விசா நீட்டிக்கப் போனபோது, கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அம்மாள் என் கோப்பைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "அங்கே அத்தனை பேர் இருக்கும்போது உங்களை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?" அவர் சாதாரணமாகத்தான் கேட்டிருப்பார். எனக்கு அது தனத்தின் குரலாகக் கேட்டது. வேர்த்துவிட்டது. வேர்த்ததைப் பார்த்து அவர் கோப்பை இன்னொரு முறை புரட்டினார்.

என் கணவர் பிரபு வந்த பிறகு அவருடைய காகிதங்களைக் காட்டப் போனேன். ஜெர்மனில் 'சைகன்' என்றால் காட்டுவது. கொஞ்சம் மரியாதையாக இருக்கட்டும் என்று, எங்கோ கேட்ட 'ஆன்சைகன்' என்ற சொல்லைப் போட்டு, "என் கணவரை ஆன்சைகன் செய்ய வந்திருக்கிறேன்," என்றேன். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். குரலைத் தணித்து, "உங்களை அடிக்கிறாரா?" என்று கேட்டார். ஆன்சைகன் என்றால் போலீசில் புகார் கொடுப்பது. கட்டிய புருஷனைக் காட்டிக்கொடுக்க வந்தவளாக ஆகியிருந்தேன். பிரபு இதை விருந்துகளில் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஆனால் இரண்டு மொழியிலும் அந்த ஒரு வார்த்தைதான் எனக்கென்று எழுதியிருக்கிறதோ என்று உள்ளே உறுத்தும்.

சந்தேகிக்கப்பட்டவள் சந்தேகப்படக் கற்றுக்கொள்கிறாள். தமிழ்ச் சங்க வாட்சாப் குழுவில் நான் வாய் திறக்க மாட்டேன். கீழ்வீட்டு அம்மாள் குப்பைத் தொட்டிப் பக்கம் நின்றால், நாங்கள் குப்பையைச் சரியாகப் பிரிக்கவில்லை என்று எழுதிப் போடத்தான் நிற்கிறாள் என்று தோன்றும். ஒருநாள் அவள் பிளம்ஸ் கேக் கொண்டுவந்து நீட்டினாள். எதற்காக என்று இரண்டு நாள் யோசித்தேன். அதற்குள் ஆதிரை அதைத் தின்று முடித்துவிட்டாள்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கேள்வி கிடந்தது. என்னை ஜெர்மனிக்கு அனுப்பியது ஏன்? என் வேலையைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்களா? அல்லது சொன்னவரைக் காப்பாற்றுவதற்காக, எல்லோர் கண்ணும் என் மேல் திரும்பட்டும் என்று பயிற்சியை உறுதிசெய்து அனுப்பினார்களா? என் வாழ்க்கையே யாரோ ஒருவரை மறைக்கப் போட்ட திரையா? இதைப் பிரபுவிடம்கூட நான் கேட்டதில்லை. "உனக்கு வேற வேலை இல்லையா" என்பார்.

ஃபேஸ்புக்கில் தனத்தின் நட்பு அழைப்பு வருடக்கணக்காகக் கிடந்தது. ஏன் அனுப்புகிறாள், யார் சொல்லி அனுப்புகிறாள் என்று ஏற்காமல் விட்டிருந்தேன். பச்சை உடுப்புக்காரியைப் பார்த்த அன்று சாயங்காலம் அதை ஏற்றேன். சிறிது நேரத்தில் பதில் வந்தது: "எப்ப வர்ற?"

ஆதிரையிடம் சொன்னேன். "அந்தக் கதையோட முடிவை நீ பாத்துக்கோ. என்கிட்ட சொல்லாதே. உன் ஃபோன்ல எடுத்து வச்சுக்கோ. லீவுக்கு ஊருக்குப் போறோம்ல, அங்க வச்சுப் பாக்கணும்."

"யாரோட?"

"ஒரு ஆளோட."

அவள் மறுபடியும் அந்தப் பார்வை பார்த்தாள்.

4

இருங்காட்டுக்கோட்டையில் தனத்தின் வீடு இப்போது மூன்று மாடி. ஒவ்வொரு மாடியிலும் சீருடைகள் காய்ந்தன. கீழே இரண்டு வேன்கள் நின்றன. தனம் வாசலில் நின்றிருந்தாள். முன்முடி நரைத்திருந்தது. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைன் லீடராக இருக்கிறாள். என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடிக்க வந்தவள், பாதியில் கையை இறக்கிக்கொண்டாள்.

"உள்ள வா கோமு. இன்னாத்துக்கு வெளியவே நின்னுகினு கீற?"

உள்ளே போனோம். காப்பி வந்தது. அவள் என் வளையலைப் பார்த்தாள், நான் அவள் வேன்களைப் பற்றிக் கேட்டேன். "அப்பாவோடது. கம்பெனிக்கு ஓடுது," என்று சுருக்கமாகச் சொன்னாள். அப்பா எங்கே என்றதற்கு, கிருத்திகை என்று வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போயிருப்பதாகச் சொன்னாள்.

"தனம், அன்னைக்கு கரண்ட் போன கதை ஞாபகம் இருக்கா?"

அவள் முகம் மாறியது. "எந்தக் கத?"

"சிவப்பு லைட், வெள்ளை லைட்."

"அத்த எதுக்கு இப்போ?"

"முடிவைப் பாத்துரலாம்."

ஆதிரை ஃபோனைச் செம்பின் மேல் சாய்த்து வைத்தாள். நாங்கள் தரையில் உட்கார்ந்தோம். அவள் ஜெர்மனைக் கேட்டுக் கேட்டுத் தமிழில் சொன்னாள். அவளுடைய தமிழ் அத்தனை நேரம் தொடர்ந்து ஓடி நான் கேட்டதே இல்லை.

"அவர் கேக்கிறார், நீதானே? அவ சொல்றா, நான் இல்லை. இப்ப லைட் பாருங்க. வெள்ளை. எல்லாரும் சாரி சொல்றாங்க. டாக்டர் அழுறார்."

தனம் பெருமூச்சு விட்டாள். பிறகு திடீரென்று ஃபோனுக்குப் பக்கத்தில் குனிந்தாள். "இரு இரு. பின்னாடி போ. அந்தப் பொட்டிக்குக் கீழ வயர பாரு கோமு."

ஆதிரை பின்னால் தள்ளினாள். எனக்கும் தெரிந்தது. முதலில் கருவியின் இடது பக்கம் இருந்த வயர் வலது பக்கத்துக்கு மாறியிருந்தது. ஊரெல்லாம் விண்வெளியைப் பார்த்தபோது நாங்கள் வயரைப் பார்த்தோம்.

"மாத்திட்டா! இவதான் மாத்தி சொருகிக்கினா!" என்று தனம் கத்தினாள்.

அப்படித்தான் முடிந்தது. எல்லோரும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போன பிறகு, பச்சை உடுப்புக்காரி தனியாக உட்கார்ந்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, அடுத்த கப்பலையும் திருப்பி அனுப்புகிறாள். அவளேதான். முகத்தைப் பார்த்தே இசக்கி சொன்னது சரி.

நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். இத்தனை வருடம் எதற்குப் பயந்து இந்த முடிவைப் பார்க்காமல் வைத்திருந்தேனோ, அது நடந்தேவிட்டது. அவள் நிரபராதி என்று வந்தால் அதை வைத்துத் தனத்திடம் பேச்சை எடுக்கலாம் என்றிருந்தேன், இனி என்ன கேட்பது? அவள் சிரிப்பாள், ரேடியோ என்பாள் என்று காத்திருந்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "கதையில அவதான். இங்க நீ இல்ல," என்றாள்.

திரும்பினேன்.

"எங்கப்பா," என்றாள் தனம். "அடுத்த ரூம்ல பேப்பர் படிச்சிகினு இருந்தாரே, அவுருதான். அன்னிக்கி சாங்காலமே கம்பெனில போய் சொல்லிட்டாரு. வேன் காண்ட்ராக்ட் குடுக்கறேன்னு ஆச காட்டிகீறாங்க. எனுக்கு அப்ப தெரியாது கோமு, சாமி சத்தியமா. நீ போய் ரெண்டு வருசம் கயிச்சி, வேன் யாருக்குன்னு எங்கண்ணனுக்கும் அவுருக்கும் சண்ட. அன்னிக்கி நான் ஒரு வார்த்த சொல்லலன்னா உனுக்கு ஏதுடா வண்டின்னு அவுரே கத்துனாரு. நான் குயம்பு தாளிச்சிகினு இருந்தேன். கரண்டிய அப்படியே போட்டுட்டேன்."

"அப்புறம் ஏன் எனக்குச் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அப்பன்பா. அதான் ஃபேஸ்புக்ல குடுத்தேன். நீ எடுக்கவே இல்ல. உனுக்கு எல்லாம் தெரிஞ்சுதான் எடுக்கலன்னு நெனச்சேன்."

அவளும் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான் அழவில்லை. முதலில் வந்தது கோபம். அதற்கும் முன்னால் ஒரு குறுகுறுப்பு வந்தது: இதையாவது நம்பலாமா? இறந்தவர்மேல் பழி போட்டால் சந்தேகிக்கலாம். உயிரோடு, அதே வீட்டில், தன் சோற்றைத் தின்னும் அப்பாவைச் சொல்கிறவள் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

வாசலில் செருப்புச் சத்தம். அவர் வந்துவிட்டார். மெலிந்திருந்தார். என்னை அடையாளம் கண்டு முகமெல்லாம் சிரிப்பு.

"சங்கரங்கோயில் பொண்ணு! நல்லாகீறியாம்மா? இது உன் பொண்ணா? மொகம் அப்படியே கீதே!"

மடித்த காகிதத்தைப் பிரித்து விபூதி நீட்டினார். ஆதிரை குனிந்து நெற்றியைக் காட்டினாள். என் உள்ளங்கையிலும் கொஞ்சம் போட்டார். பூசவும் முடியவில்லை, உதறவும் முடியவில்லை.

"இசக்கின்னு ஒருத்தி இருந்தாளே, ஞாபகம் இருக்காப்பா?" என்று கேட்டேன்.

அவர் தனத்தைப் பார்த்தார். தனம் அவரைப் பார்க்கவில்லை. அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது. "எத்தினியோ பொண்ணுங்க வந்துச்சி, போச்சி," என்றபடி உள்ளே போனார். கட்டில் முனகும் சத்தம் கேட்டது. விபூதியை ஜன்னல் கட்டையில் தட்டினேன்.

"அவளுக்கு ஃபோன் போடு," என்றேன்.

"யாருக்கு?"

"இசக்கிக்கு. என்கிட்ட சொன்னத அவகிட்ட சொல்லு. வேலை போனது அவளுக்கு."

தனம் உள்ளறைக் கதவைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அந்தக் கதவை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தாள். அவர் கேட்கட்டும் என்றுதான்.

5

இசக்கியின் எண்ணை வாங்க வேறு இரண்டு பேரைக் கூப்பிட வேண்டியிருந்தது. தனம் ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் தையல் மெஷின்கள் ஓடும் சத்தம். வள்ளியூரில் நைட்டி தைக்கிற யூனிட் வைத்திருக்கிறாளாம்.

தனம் சுற்றி வளைக்காமல் சொன்னாள். அப்பா, வேன், அந்தச் சாயங்காலம். "கோமு இல்ல இசக்கி. கோமு சொல்லவே இல்ல." உள்ளறையில் அசைவே இல்லை.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. இசக்கி நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும்.

"இத இப்பம் எதுக்குச் சொல்லுதிய?" என்று கேட்டாள். "உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்," என்றாள் தனம்.

"ஒண்ணும் வேண்டாம்னு யாரும் ஃபோன் போட மாட்டாவ."

அது நான் பேசுவது போலவே இருந்தது. அந்தக் கூடத்தில் அன்று உட்கார்ந்திருந்த எல்லோருமே இப்படி ஆகிவிட்டோமா என்று நினைத்தேன். காற்று குறைந்துகொண்டே போன அந்த நிலையத்தில் வெவ்வேறு மூலையில் இத்தனை காலம் இருந்திருக்கிறோம்.

"இசக்கி," என்றேன். "நான் கோமதி."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "ஸ்பீக்கர அமத்து. வெளிய எங்கயாச்சும் போய்ப் பேசு," என்றாள்.

மாடிப்படி ஏறினேன். மொட்டை மாடியில் யாருடைய சீருடைகளோ காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. தூரத்தில் நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"பக்கத்துல யாரும் இருக்காவளா?" என்று கேட்டாள் இசக்கி.

"யாருமில்ல."

"நிசமாத்தான் சொல்லுதியா?"

"நிசமா."

நான் சொன்னதை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள். ஒரு மூச்சு இழுத்து விடும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு வந்த குரல் என் பழைய இசக்கியின் குரல்.

"ஏளா கோமு, அந்த ஊர்ல ஒன்ன நல்லா வச்சிருக்காவளாளா?"

தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, விமானம் ஏறிய நாளிலிருந்து அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.